மாடி இல்லமா, மாமரத்து இல்லமா? அம்மாவுக்காகப் பார்த்த இரண்டு இடங்கள்

அம்மாவுக்கு 81 வயது. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஆள் பிடித்துக்கொண்டால் நாலு எட்டு நடக்கிறார். மறதி நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் மலாய் பேசி, மார்க்கெட்டில் ஹொக்கியன் என்கிற சீன மொழி பேசிப் பேரம் பண்ணியவர். இப்போது அந்த இரண்டையும் எங்கேயோ தொலைத்துவிட்டார். மிச்சம் இருப்பது தோட்டத்துத் தமிழ் மட்டும்தான். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது என்று ஆரம்பத்தில் எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை.

அக்கா பட்டர்வொர்த்தில், தம்பி கோலாலம்பூரில், நான் பினாங்குத் தீவில். ஏழெட்டு இல்லங்களைப் பார்த்துக் கடைசியில் இரண்டில் வந்து நின்றோம். பெயர் வேண்டாம். ஒன்று தீவில் உள்ள நாலு மாடிக் கட்டடம். லிப்ட், ஏர்கான், வாசலில் செயற்கைப் பூ. இன்னொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், பின்னால் மாமரம் நிற்கிற பழைய தரை வீடு. வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் மாடி இல்லம், மாமரத்து இல்லம். இரண்டிலும் அம்மாவைச் சில நாள் தங்கவைத்துப் பார்த்தோம்: மாடியில் பத்து நாள், மாமரத்தில் ஒரு வாரம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முகநூல் விளம்பரத்தில் எல்லாருமே 'நர்சிங் ஹோம்' என்றுதான் போடுகிறார்கள். போர்டைப் பார்க்காதீர்கள், சுவரில் தொங்கும் சான்றிதழைப் பாருங்கள். மலேசியாவில் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, அதாவது 506-ஆவது சட்டப்படி, சமூகநல இலாகாவில் (ஜேகேஎம்) பதிந்திருந்தால் அது பராமரிப்பு இல்லம். சாப்பாடு, குளியல், படுக்கை, துணை இதெல்லாம் அதன் வேலை. 1998-ஆம் ஆண்டின் 586-ஆவது சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் இருந்தால்தான் மருத்துவத் தாதிமை தரும் இல்லம் என்று சொல்லலாம். முதியோருக்கான தனியார் சுகாதார இல்லங்களுக்கென்றே 2018-இல் 802-ஆவது சட்டமும் வந்தது. மாடி இல்லத்தில் அமைச்சின் உரிமம் இருந்தது. மாமரத்தில் ஜேகேஎம் பதிவு. இரண்டிலும் தேதி காலாவதியாகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். பார்த்த இடங்களில் ஒன்றில் இரண்டுமே இல்லை. "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டோம்.

காகிதத்தில் மாடி இல்லம்தான் மேல், சந்தேகமே இல்லை. பகலில் இரண்டு மிஸ்ஸிகள், அதாவது தாதியர், இரவில் ஒருவர். டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். மாதம் 3,800 ரிங்கிட், பேம்பஸ் (டயப்பர்) உட்பட. மாமரத்தில் 2,400, பேம்பஸும் பால் மாவும் நாம் வாங்கித் தரவேண்டும்; கூட்டிப் பார்த்தால் மூவாயிரத்தைத் தொடும். அங்கே மிஸ்ஸி கிடையாது. இல்லத்தை நடத்தும் அக்கா மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவ்வளவுதான்.

மாடி இல்லத்தில் மூன்றாவது நாள் காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போனேன். அம்மாவின் கட்டில் கால்மாட்டில் மருந்து அட்டை தொங்கியது. அழகான அட்டை, வேளைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. படித்துக்கொண்டே வந்தேன். மதியம் இரண்டு மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. மணி பதினொன்றுதான் ஆகிறது! மிஸ்ஸியைக் கேட்டால், "வேலை ஜாஸ்தி, எப்படியும் கொடுத்துடுவோம்ல" என்றார். கோபக்காரர் இல்லை, நல்ல பிள்ளைதான். ஆனால் அட்டையில் இருப்பது நடந்ததா, நடக்கப்போவதா என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியவே இல்லை. மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்ததாக எழுதும் தாளையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

மாமரத்தில் அட்டையே கிடையாது. இருப்பது 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் கையடக்க நோட்டு. ஆளுக்கு ஒன்று, அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தது. அம்மாவுடையதைத் திறந்தால், 'காலை இட்லி ஒண்ணரை, பாதி சிந்தியது', 'வயிறு போகலை, ரெண்டாவது நாள்', 'மத்தியானம் தூங்கலை, அழுதாங்க' என்று பேனா மாறி மாறி எழுதியிருந்தது. சிந்தியதை எழுதுகிறவர்கள் சாப்பிட்டதையும் உண்மையாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு யார் கொடுத்தார் என்பது அதில் இல்லை. அது சின்னக் குறை இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை இருவர் இரண்டு தடவை கொடுத்துவிட்டால் தலை சுற்றி விழுவது அம்மாதான்.

இரவு நிலவரம் இரண்டிலுமே சுகமில்லை. மாடியில் ஒரு தளத்துக்குப் பதினெட்டுப் பேர், இரவில் இரண்டு பணியாளர். அழைப்பு மணி எல்லாக் கட்டிலுக்கும் உண்டு, ஆனால் அம்மாவின் மணி ஒயர் கட்டில் கம்பியில் சுற்றி மேலே கட்டப்பட்டிருந்தது. 'சும்மா சும்மா அமுக்குறாங்க.' மாமரத்தில் மொத்தம் பதினொரு பேர், இரவில் ஒரே ஒரு நேப்பாளத் தம்பி. மணி இல்லை. அவர் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார், இருமினால் கேட்கும் தூரம். தீப்பிடித்தால் பதினொரு பேரை ஒருவர் எப்படி வெளியே கொண்டுவருவார் என்று என் தம்பி கேட்டான். இல்லத்து அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. சமாளிக்காமல் மௌனமாக இருந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மாமரத்தைத் தூக்கிவைத்து எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் நாள் போனபோது ஒரு தாத்தாவை நாற்காலியில் துண்டால் கட்டியிருந்தார்கள். "எந்திரிச்சா விழுந்துடுவாரும்மா" என்றார் இல்லத்து அக்கா. கட்டினால் விழமாட்டார் என்பது தவறான நம்பிக்கை. கட்டிப்போட்டவர் நாற்காலியோடு சாய்ந்தால் அடி பலமாக விழும், உட்கார்ந்தே இருந்தால் காலில் இருக்கிற கொஞ்சத் தெம்பும் போய்விடும், இறுகிய துண்டு நழுவிக் கழுத்துக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அம்மாவை எந்தக் காரணத்துக்காகவும் கட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டோம்.

சருமத்தைப் பற்றி நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயம். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அம்மா கறுப்பு. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. கையை வைத்துப் பார்க்கவேண்டும்: அந்த இடம் மட்டும் சூடாக, கட்டியாக, அல்லது சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக இருக்கும். குதிகால், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் நானே தொட்டுப் பார்த்தேன். ஏழாவது நாள் மாடி இல்லத்தில் இடது குதிகால் சூடாக இருந்தது. மிஸ்ஸி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்றார். கையை வைக்கச் சொன்னேன். வைத்தார், முகம் மாறியது. அன்றைக்கே கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகாலைத் தூக்கிவைத்தார்கள். காட்டியதும் செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாமரத்து அக்காவுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. குளிப்பாட்டும்போதே தடவிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

வாடை பற்றி ஒரு வார்த்தை. ஒரு அறையில் மட்டும் மூத்திர வாடை வந்தால் யாரோ இப்போதுதான் நனைத்திருக்கிறார்கள், அது குற்றமில்லை. வீடு முழுக்க வந்தால் மெத்தையும் சோபாவும் ஊறிப்போயிருக்கிறது. வீடு முழுக்க டெட்டால் மணந்தால் அதையும் நான் நம்பமாட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் இல்லத்தின் பாதிச் சரித்திரம் தெரிந்துவிடும். மாடியில் நின்றுகொண்டு ஊட்டினார்கள். நின்று ஊட்டினால் சாப்பிடுகிறவர் தலையை அண்ணாந்து விழுங்கவேண்டும், புரையேறும். அம்மாவுக்கு ஏறியது. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்த சாம்பல் நிறக் கஞ்சி வேறு. மாமரத்தில் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்து ஊட்டினார்கள். ரசம் சோறு தனியாக, மசித்த கீரை தனியாக. வெள்ளிக்கிழமை சைவம். இதையெல்லாம் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் எடையைப் பாருங்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தால் டாக்டரைப் பார்க்கவேண்டிய விஷயம் அது. அம்மா 46 கிலோ, ஆக 2.3 கிலோ. மாடியில் பத்து நாளில் ஒரு கிலோ குறைந்தார். எடை பார்க்கும் இயந்திரம் அங்கேதான் நல்லதாக இருந்தது, சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்தலாம்.

அப்புறம் அந்த எட்டாவது நாள். மாடி இல்லத்தில் அன்றைய குறிப்பில் 'மாலையில் மிகவும் கிளர்ச்சியாக இருந்தார், வீட்டுக்குப் போகவேண்டும் என்றார், சமாதானப்படுத்தினோம், ஈரமாக்கிவிட்டார்' என்று மலாயில் எழுதியிருந்தது. மியன்மார்ப் பெண் ஒருத்தி அன்று பணியில் இருந்தாள். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் தமிழை அப்படியே ஒப்பித்துக் காட்டினாள்: "கொல்லைக்குப் போவணும், கொல்லைக்குப் போவணும்." அம்மா வாசல் பக்கம் கைகாட்டியிருக்கிறார், தோட்டத்தில் கக்கூஸ் வீட்டுக்கு வெளியேதானே இருந்தது. இவள் வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து உட்காரவைத்திருக்கிறாள். அன்பாகத்தான். இருபது நிமிடம் அடக்கிக்கொண்டு இருந்தவர், நனைத்துவிட்டு அழுதிருக்கிறார். இன்னும் நாலு தடவை இப்படி எழுதினால் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுப்பார். தூக்க மாத்திரை போட்டவர் எழுந்து நின்றால் விழுவார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த மூன்று மொழியில் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். யோசித்தோம். எங்கள் அக்காவுக்கே முதுகுவலி, வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி பகலும் இரவும் தூக்கமில்லாமல் பார்ப்பது அவளுக்கும் கொடுமை. அக்கா வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பதாகச் சொன்னாள். வருமான வரியில் பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆனால் கழிவு கேட்கிற பிள்ளையே பார்த்துக்கொண்டால் அது பராமரிப்பாளர் செலவில் சேராது! அரசாங்கத்துக்கு அது கடமைக் கணக்கு போலிருக்கிறது. ரசீதையும் டாக்டர் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள், எந்த இல்லமானாலும்.

மாமரத்தையே எடுத்தோம். இது எல்லாருக்கும் பொருந்தும் முடிவு இல்லை. மூக்கில் டியூப், சிறுநீர்க் குழாய், இன்சுலின் ஊசி, ஆறாத புண் என்று ஒன்று இருந்திருந்தாலும் மாடி இல்லத்துக்குத்தான் போயிருப்பேன், மொழியை வேறு வழியில் சமாளித்திருப்பேன். அம்மாவுக்கு அப்படி எதுவும் வரும் நாளில் மாற்றவும் தயங்கமாட்டோம் என்று மாமரத்து அக்காவிடமே சொல்லிவிட்டோம். மருந்து அட்டையை நானே அச்சடித்துக் கொடுத்தேன். மாத்திரைகளை வாரப் பெட்டியில் எங்கள் அக்கா ஞாயிறுதோறும் அடுக்கிவிட்டு வருகிறாள். குளியலறைப் படியைத் தம்பி சிமெண்ட் போட்டுச் சரிவாக்கினான், கைப்பிடி பதித்தான். இரவுக்கு இன்னொரு ஆள் போடச் சொல்லி குடும்பத்துக்கு 150 ரிங்கிட் கூடக் கொடுக்கிறோம் என்று நாலு குடும்பம் சேர்ந்து பேசியிருக்கிறோம், இன்னும் ஆள் கிடைக்கவில்லை. துண்டு விஷயத்தில் சொன்னபடி நடக்கிறார்கள், அம்மாவுக்கு மட்டும். அந்தத் தாத்தாவின் மகனிடமும் பேசவேண்டும்.

இரவில் இருப்பது நேப்பாளத் தம்பிதானே, அவருக்கு மட்டும் தமிழ் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. பன்னிரண்டு சொல்லைத் தாளில் எழுதி, சொல்லிக்காட்டி, படம் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்: தண்ணி, வலி, குளிருது, கொல்லை. போன வாரம் பாலத்தில் நெரிசல், போய்ச் சேர இருட்டிவிட்டது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். 555 புத்தகத்தைப் புரட்டினேன். முந்தின இரவுப் பக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு சொல்லும், பக்கத்தில் 2 என்ற எண்ணும் இருந்தன. என்ன இது என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன்.

"கொல்லே, ரெண்டு தரம்" என்றார்.