கடைக்கு ஓர் அடையாளம்: பிளஸ் கோடு நீண்ட காலப் பயன்பாட்டில் எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவிலும் உள்ள கடைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்தோடு இணைத்துப் பராமரிக்கிறவர்கள் அது ஒவ்வொரு பதிவுக்கும் தரும் சொந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. புள்ளியாக இருந்த கடையை ஒருவர் கட்டட வடிவமாக வரைந்து பழைய புள்ளியை நீக்கினால், அந்த எண்ணும் போய்விடும். கடை அங்கேயே இருக்கும். நம் பட்டியலில் மட்டும் காணாமல் போகும்.

அதற்கு மாற்றாகப் பிளஸ் கோடு, அதாவது ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கித் தரும் எழுத்துக் குறியீடு, நன்றாகவே உழைக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பத்து எழுத்துக் குறியீட்டின் ஒரு கட்டம் 0.000125 பாகை, நம் ஊரில் ஏறத்தாழ 14 மீட்டர். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முகப்போ அதில் பாதிகூட வராது. பூமாலைக் கடையும் அடுத்திருக்கும் நகைக் கடையும் ஒரே குறியீட்டில் விழும். பதினோராம் எழுத்தைச் சேர்த்தால் கட்டம் சுமார் 3 மீட்டராகச் சுருங்கும். ஆனால் புள்ளியை யாராவது சற்றே நகர்த்தித் திருத்தினாலும் குறியீடு மாறிவிடும். ஆகவே பத்து எழுத்தோடு இரண்டு இலக்க வரிசை எண் போதும். கடையின் வகையை அதில் சேர்க்கவே வேண்டாம். இன்றைய துணிக்கடை நாளை சாப்பாட்டுக் கடையாகலாம்.

முக்கியமான விதி இதுதான்: ஒருமுறை கொடுத்த அடையாளத்தை மறுபடி கணக்கிடக் கூடாது. அது பிறந்த இடத்தைச் சொல்கிறது, இப்போதைய இடத்தை அல்ல. 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைப் போன்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை மட்டும் வரைந்தால் ஒரு மையம், வளாகத்தையும் சேர்த்தால் வேறு மையம். கோயில் என்னவோ அதேதான்.

புதிய பதிவைப் பழையதோடு பொருத்தும்போது சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து ஒன்பது கட்டங்களில் தேடுங்கள். தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றமே. 100 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், முதல் இரண்டு எழுத்துகள் குறிக்கும் பெரிய கட்டம் மாறுவதால், பினாங்கும் அருகிலுள்ள லங்காவியும் இரண்டாம் எழுத்திலேயே பிரிகின்றன. தொலைவிலுள்ள கோலாலம்பூரோ பினாங்கோடு முதல் இரண்டு எழுத்துகளிலும் ஒத்துப்போகிறது.

கணக்கை முழு எண்ணிலேயே போடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏழு தசம இடம் வைத்திருப்பதால், அட்சரேகையோடு 90ஐயும் தீர்க்கரேகையோடு 180ஐயும் கூட்டி, ஒரு கோடியால் பெருக்கி, 1250ஆல் வகுத்து மீதியை விட்டால் கட்ட எண் பிசகாமல் வரும். தசமத்திலேயே வகுத்தால் விளிம்பில் நிற்கும் புள்ளி ஒரு நிரலில் இந்தக் கட்டம், இன்னொன்றில் பக்கத்துக் கட்டம்.

மாடி தனிப் புலத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பிளஸ் கோடுக்கு உயரம் தெரியாது. இங்கே மலேசியாவில் அபசகுனமாகக் கருதப்படும் நான்கைத் தவிர்க்க லிஃப்டில் '3ஏ' என்று போடுவார்கள். தரைத்தளம் 0 என்றால் வரைபடத்தில் அது பெரும்பாலும் 4. பொத்தானைப் பார்த்து எழுதாமல் தளங்களை எண்ணிப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

தமிழ்ப் பெயரை ஒப்பிடுமுன் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகக் குறிக்கும் வடிவுக்கு, மாற்றுங்கள். 'கோ'வின் குறி ஒரே குறியாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரும். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு மட்டும் அவை வேறு. 'கோயில்', 'கோவில்' இரண்டையும் மாற்றுப் பெயர்களாக வையுங்கள்.

கடை மூடினால் அதன் எண்ணை 'ஓய்வு' என்று குறித்து, தேதியோடு விட்டுவிடுங்கள். அதே இடத்தில் வரும் அடுத்த கடைக்கு அடுத்த வரிசை எண்.