தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், சேரலாமா?

நாலு ரோட்டுக்குப் பக்கத்துல மாடியில நடக்குற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் பத்தி நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. தாராளமா சேரலாம். இங்க வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி மனப்பாடம் பண்ணுன்னு விட்டுடறதில்ல, அத எங்க சொல்லணும் எங்க சொல்லக்கூடாதுன்னு நம்மள பேச வச்சே புரிய வைக்கிறாங்க.

அப்பாலிங்னு (appalling) ஒரு வார்த்தை. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்க 'படுமோசமான'ன்னு நோட்ல எழுதி வச்சிருப்பாங்க, அவ்ளோதான். சார் அதோட விடல. டீ ஆறிப்போயிருந்தா அதுக்கு பேட் போதும், குடிதண்ணி டேங்க்ல எலி செத்துக் கெடந்தா அதான் அப்பாலிங், கேட்டவுடனே பகீர்னு இருக்கணும்னாரு. அதோட வேரு பழைய பிரெஞ்சுல முகம் வெளுத்துப் போறதாம், இங்கிலீஷ்ல பேல்னு சொல்றதும் அதே குடும்பம்தான், நம்ம ஊர்ல பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டான்னு சொல்வோமே அப்படி, அதுக்கப்புறம் மறக்கவே இல்ல எனக்கு. இதுக்கு முன்னாடி வெரி போட மாட்டாங்க, வார்த்தையே உச்சத்துலதான் இருக்கு, இன்னும் அழுத்தணும்னா அப்சல்யூட்லி போடணும்.

பாலக்கோட்டுல இருந்து வர்ற தம்பி ஒருத்தன் எந்திரிச்சு 'ஐ ஆம் அப்பாலிங்'னான். சார் யாரையும் சிரிக்க விடல. "நான் படுமோசமான ஆளுன்னு அர்த்தம் ஆயிடும்ப்பா, அதிர்ந்து போயிட்டேன்னு சொல்ல அப்பால்டு"ன்னு சொல்லிட்டு போரிங் போர்டு (boring, bored), ஷாக்கிங் ஷாக்டுன்னு (shocking, shocked) ஒவ்வொருத்தரையும் சொந்தமா வாக்கியம் சொல்ல வச்சாரு. ஓசூர், பெங்களூர்னு இன்டர்வியூ போற நம்ம பசங்க 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்'னு சொல்லிட்டு வர்றது இந்த எடத்துல தடுக்கித்தான், இத ஒழுங்கா சொல்லித் தர்ற ஆள் கெடைக்கறதே பெருசு.

ஸ்பெல்லிங்கும் உண்டு, அப்பாலிங் இங் இல்லாம வினைச்சொல்லா வந்தா பிரிட்டிஷ்ல கடைசியில ஒரு எல் (appal), அமெரிக்கால ரெண்டு (appall), இங் சேந்தா ரெண்டு ஊர்லயும் ரெண்டு எல்தான்.

குறை இல்லாம இல்ல. ஜெராக்ஸ் நோட்ஸ் படு மங்கல், சில பக்கம் படிக்கவே முடியல, ஃபீஸ் வாங்கிட்டு இப்படிக் குடுக்கறது தப்பு, சொன்னா மாத்தித் தர்றோம்னு சொல்றாங்க இன்னும் வரல. சாயங்கால பேட்ச் நேரத்துக்கு முடியறதில்ல, பென்னாகரம் அரூர் பக்கம் போறவங்க பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கு, நீங்க காலை பேட்சே கேட்டு வாங்கிக்குங்க. அப்புறம் பின் பெஞ்ச் வேணாம், ஃபேன் சத்தத்துல உச்சரிப்பு சுத்தமா கேக்காது, அப்பாலிங்ல அழுத்தம் ரெண்டாவது அசையில வரும், அதெல்லாம் சார் வாயப் பாத்துதான் பிடிக்க முடியும்.