பல்லவன் காலம் முதல் தாழ்தளம் வரை: மாநகரப் பேருந்தின் படியைப் பற்றி ஒரு நெடுநாள் பயணி

அண்மையில் பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: “கண் பார்வை முன்போல் இல்லை, ஸ்கூட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இனிமேல் மாநகரப் பேருந்தை நம்பிக் காலத்தை ஓட்டிவிடலாமா?” பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சென்னைப் பேருந்துகளிலேயே கழித்த எனக்கு இது உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பதில் வரவில்லை. கட்டணம், தடம், வண்டி வரும் இடைவெளி ஆகியவை அவருக்கும் தெரியும். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது தரையிலிருந்து வண்டிக்குள் ஏறும் படி.

இந்தப் பேருந்துகளை ஓட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் கணிசமான பகுதி பெயர்ப் பலகையை மாற்றி எழுதிய வரலாறுதான். 1947இல் சென்னையில் அரசு தன் பொறுப்பில் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. 1953இல் டிராம் வண்டிகள் நின்றுபோன பிறகு நகரத்தின் சுமை முழுவதும் பேருந்தின் மீதும் மின்சார ரயிலின் மீதும் இறங்கியது. கால் நூற்றாண்டுக் காலம் அரசுத் துறையாக நடந்த அந்தச் சேவை, 1972 ஜனவரி 1 அன்று, 1,029 பேருந்துகளோடு பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்ற நிறுவனமாயிற்று. 1994இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வடபகுதிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயரில் தனிக் கழகம் வந்தது. 1997இல், விருதுநகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சாதி மக்கள் போற்றும் வீரருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டபோது, தலைவர்களின் பெயர்களும் மன்னர்களின் பெயர்களும் எல்லாக் கழகங்களிலிருந்தும் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன, பல்லவனும் போய்விட்டது. 2001இல் இரண்டு பிரிவுகளும் மீண்டும் இணைந்து, இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. இத்தனை பெயர்களுக்கும் நடுவே பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வண்டி 29சி ஆகவே இருந்தது என்பதும், தலைமை அலுவலகத்தின் பெயர் இன்றும் பல்லவன் இல்லம் என்பதும் எனக்குப் பிடித்த விஷயங்கள். இன்று கழகத்திடம் 3,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் இருக்கின்றன; செங்கல்பட்டு, மாமல்லபுரம், திருவள்ளூர் வரை மாநகரப் பேருந்து போய்வருகிறது. நகரம் எந்தப் பக்கம் வீங்கினாலும், மெட்ரோவும் மேம்பாலமும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே ஒரு பேருந்து நின்று திரும்பியிருக்கும். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்குக் கிடையாது என்றே நினைக்கிறேன்.

ஆயினும், 1972இல் ஏறிய படிக்கும் 2022இல் ஏறிய படிக்கும் இடையே பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. காரணம் எளிது. நம் பேருந்துகள் நெடுங்காலமாக லாரிக்கான அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டவை. முன்னால் இன்ஜின், நெடுக இரண்டு உருக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் தளம். எண்ணூரிலிருந்து வரும் லேலண்ட் அடிச்சட்டத்தின் மீது, தமிழ்நாட்டுக் கழகங்களின் கூண்டு கட்டும் பிரிவுகளிலோ தனியார் பட்டறைகளிலோ தகரமும் கம்பியும் வைத்துக் கூண்டு கட்டினார்கள். சரக்கு ஏற்றுவதற்கு ஏற்ற உயரம்தான் மனிதர்கள் ஏறுவதற்கும் கிடைத்தது. தளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை எட்ட, செதில் செதிலாக வரி பதித்த அலுமினியத் தகடு போர்த்திய இரண்டு படிகள். முதல் படி முழங்காலுக்கு வரும். ஏறுவதற்கு ஒரு முறை உண்டு: முதலில் வாசலின் ஓரத்தில் உள்ள கம்பியைக் கை பிடிக்க வேண்டும், பிறகு கால் போக வேண்டும், உடம்பு கடைசியில்தான் வரும். சென்னைக்காரர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். புடவை கட்டியவர்கள் இன்னொரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால், குழந்தையையோ பையையோ வைத்துக்கொள்ள அவர்களுக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. இந்தக் கணக்கு கூண்டு கட்டியவர்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை; அவர்கள் வீட்டுப் பெண்களும் இதே வண்டிகளில்தான் போனார்கள்.

இளைஞர்களுக்கு அந்தப் படி வேறு விதமாகப் பயன்பட்டது. வண்டிக்குள் இடமிருந்தாலும் வாசலில் தொங்கிக்கொண்டு போவது ஓர் அந்தஸ்தாகவே கருதப்பட்டது. 2012 டிசம்பரில் பெருங்குடி அருகே படியில் நின்று சென்ற மாணவர்கள் நால்வர் உயிரிழந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துத் தானியங்கிக் கதவுகளைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. அதன் பிறகு கதவுகளைப் பற்றிப் பேச்சு நடந்தது, மெல்ல மெல்லக் கதவுகளும் வந்தன. படியின் உயரத்தைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை, ஏனெனில் உயரமான படியால் யாரும் செய்தித்தாளில் வருவதில்லை. ஏற முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, நியாயமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் பயணச்சீட்டு விஷயத்தில் இந்த அரசுக் கழகம் அளவுக்குத் தாராளமாக நடந்துகொண்ட நிறுவனங்கள் குறைவு. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயணம் உண்டு. 2016இல் அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன்கள் வழங்கும் திட்டம் சென்னையில் தொடங்கியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணைக்கும் அச்சலுகை விரிவாயிற்று. குறைந்தபட்சக் கட்டணம் 2018 முதல் 5 ரூபாயிலேயே நிற்கிறது. காலையில் வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டண வண்டியில் ஏறிப் பார்த்தால், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் பூக்கூடையோடு வரும் பெண்களும் இடம் பிடித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு போவதைக் காணலாம். முன்பு இரண்டு நிறுத்தங்களை நடந்தே கடந்தவர்கள் அவர்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் காசில்லாமல் வரலாம் என்று அரசு சொன்னது. ஆனால் அவர்கள் ஏற வேண்டிய படி, இருபது வயது ஆண்பிள்ளையின் காலை அளந்து வைத்ததாகவே இருந்தது. எழுபது வயது மூதாட்டிக்கு மாதம் பத்து டோக்கன்களைக் கொடுத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு ஏறச் சொல்வது என்ன கணக்கு?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் போராடினார்கள். நகரப் பேருந்துகளுக்கு ஒன்றிய அரசு வகுத்த விவரக்குறிப்பிலேயே 40 சென்டிமீட்டர் உயரத் தாழ்தளம் இருந்தபோதும், இங்கே 90 சென்டிமீட்டர் தளமுள்ள வண்டிகளை வாங்குவதற்கே முயற்சி நடந்தது. சென்னைச் சாலைகள் தாழ்தளப் பேருந்துகளுக்கு ஏற்றவையல்ல, மழைநீர் தேங்கும், வேகத்தடைகள் இடிக்கும், விலையும் அதிகம் என்பதே அரசுத் தரப்பின் வாதமாக இருந்தது. மழைநீர் பற்றிய வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். நவம்பர் மாதத்தில் இந்த ஊரில் இருந்தவர்கள் யாரும் தள்ள மாட்டார்கள். விலை பற்றிய வாதத்திலும் உண்மை உண்டு. ஐந்து ரூபாய்க்கு வண்டி ஓட்டி நட்டத்தில் நடக்கும் கழகம், ஒரு தாழ்தள வண்டியின் விலையில் அதிக எண்ணிக்கையில் சாதாரண வண்டிகள் கிடைக்குமே என்று யோசிப்பது இயல்புதான். ஆனால் 2006லேயே பெங்களூரு தாழ்தள வால்வோக்களை ஓட்டத் தொடங்கிவிட்டது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி டெல்லி பெரும் எண்ணிக்கையில் தாழ்தளப் பேருந்துகளை வாங்கியது. அந்த நகரங்களில் மழையே பெய்வதில்லையா, வேகத்தடையே இல்லையா? சாலை சரியில்லை என்றால் சாலையைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பதிலாக மக்களின் முழங்காலைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று அந்த நாள்களில் பலமுறை வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

பிறகு, 2024 ஆகஸ்டில், அந்த வண்டிகள் வந்தே விட்டன. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வாங்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகளில் முதல் 58 அன்று ஓடத் தொடங்கின. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளும் புறப்பட்டன, அவையும் தாழ்தளம்தான். செய்தியில் படித்தபோது எனக்குப் பெரிய ஆர்வம் எதுவும் ஏற்படவில்லை என்பதே உண்மை. அம்மாவை அழைத்துக்கொண்டு ஏறிய அன்றுதான் அது என்ன மாற்றம் என்று புரிந்தது. வண்டி நின்றதும் அடியிலிருந்து காற்று வெளியேறும் ‘புஸ்’ என்ற ஓசை கேட்டது. இடப்பக்கம் முழுவதும் சற்றே சரிந்து, நடைபாதையை நோக்கித் தாழ்ந்தது. கதவு திறந்தால் படியே இல்லை. அம்மா வழக்கம்போல் ஒரு கையால் கம்பியைத் தேடி, மறுகையால் என் தோளைப் பற்றி, பெரிய முயற்சிக்குத் தயாராகக் காலைத் தூக்கினார். தூக்கிய அளவுக்குத் தேவையே இல்லாமல் கால் தளத்தில் பதிந்துவிட்டது. “என்னடா இது, நம்ம வீட்டு வாசப்படி ஏர்ற மாதிரி இருக்கு” என்றார். பிறகு இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் யார் ஏறுகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு வந்தார். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை அன்று யாரும் விரிக்கவில்லை, ஆனால் அது அங்கே மடங்கிக் கிடந்ததே எனக்கு நிறைவாக இருந்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையும் சொல்லியாக வேண்டும். இன்ஜின் பின்பக்கம் போனதால், பின்பாதியில் தளம் உயர்கிறது. நடுவாசலுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளுக்கு வண்டிக்குள்ளேயே படி ஏற வேண்டும். சக்கரங்களின் மேல்வளைவு முன்பகுதியில் இடத்தை அடைத்துக்கொள்வதால், முதியவர்களுக்கு வசதியான தாழ்ந்த பகுதியில் இருக்கைகள் குறைவு. கூட்ட நேரத்தில் அவை முதலில் நிரம்பிவிடும், ஏறுவதற்கு எளிதாக இருந்த வண்டியில் உட்கார்வதற்கு மீண்டும் ஏற வேண்டியிருக்கும். இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். உலகில் பல நகரங்களில் ஓடும் இவ்வகை வண்டிகளின் அமைப்பே அதுதான்.

என் மனத்தை அரிப்பது வேறு ஒன்று. தாழ்தளத்தின் பயன் முழுவதும் வண்டி நடைபாதையின் விளிம்பை ஒட்டி நிற்பதைப் பொறுத்தது. விளிம்பு ஏறக்குறைய ஒரு சாண் உயரம் இருந்தால், அங்கிருந்து தளத்துக்கு அரைப் படிகூட இராது. ஆனால் சென்னையின் பெரும்பாலான நிறுத்தங்களில் பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் ஆட்டோ நிற்கிறது, அதன் பின்னால் இருசக்கர வண்டி, அதையும் தாண்டி இளநீர் வண்டி. ஓட்டுநர் என்ன செய்வார்? நடுச்சாலையில் நிறுத்துகிறார். பயணிகள் நடைபாதையிலிருந்து இறங்கி, சாக்கடை மூடியைத் தாண்டி, தார்ச்சாலையில் நின்று ஏறுகிறார்கள். அப்போது தாழ்தளமும் ஒரு படியாகிவிடுகிறது. பழைய படியைவிட மேல்தான், ஆனாலும் படிதான். போதாக்குறைக்குச் சில இடங்களில் நடைபாதை இல்லவே இல்லை. இருக்கும் இடங்களில் மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்து, நடைபாதை பள்ளமாகிவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வருபவர்கள் அங்கே இறங்கி மாநகரப் பேருந்து மாறி நகரத்துக்குள் வருகிறார்கள். முனையத்தில் நடைமேடையை ஒட்டி வண்டி நிற்பதால் எளிதாக ஏறும் அவர்களே, இறங்கும் இடத்தில் பெட்டியை ஒரு கையிலும் குழந்தையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு போக்குவரத்துக்கு நடுவே கால் வைக்க வேண்டியிருக்கிறது. பேருந்து கழகத்துடையது, நிறுத்தமும் நடைபாதையும் மாநகராட்சியுடையவை, பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோ காவல்துறையின் பொறுப்பு. நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஒரு தடத்துக்காவது, அந்த 29சிக்காவது, ஒவ்வொரு நிறுத்தத்தையும் பார்த்துச் சரிசெய்தார்கள் என்று நான் இதுவரை கேள்விப்படவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இது: ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் இன்றும் இந்த நகரத்தில் கிடைக்கும் மிக நல்ல பேரங்களில் ஒன்று, உங்கள் தடத்தில் தாழ்தள வண்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், ஓடினால், ஏறும் நிறுத்தத்தைவிட இறங்கும் நிறுத்தத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மதிப்பெண் கேட்டார். கட்டணத்துக்கும், எட்டும் தூரத்துக்கும், அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டே இருப்பதற்கும், கடைசியில் மனம் மாறித் தளத்தைத் தாழ்த்தியதற்கும் சேர்த்துக் கூட்டினால் பத்துக்கு எட்டு வருகிறது. நான் ஐந்துதான் கொடுத்தேன். அன்று காலைதான், முற்றிலும் தாழ்ந்து நின்ற புத்தம்புதிய மின்சாரப் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே மூன்று ஆட்டோக்கள் வரிசையாக நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.