நூற்புழு மருந்துகள்: ஐந்து பட்டம் போட்டுப் பார்த்ததில்

முதல் பட்டத்தில் என் தக்காளிச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் மறுபடி எழுந்து நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு செடியைப் பிடுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது: வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சுகள். பயறுச் செடியின் வேரில் இயல்பாக வரும் முண்டை நகத்தால் நெருடினால் உதிர்ந்துவிடும். இங்கே வேரே வீங்கியிருந்தது, உதிரவில்லை. வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு: வேர்முடிச்சு நூற்புழு.

முதல் இரண்டு பட்டம் கார்போபியூரான் குருணை போட்டேன். முதல் தடவை பலன் தெரிந்தது, அடுத்த தடவை பாதிகூட இல்லை. அது புழுவின் நரம்பை முடக்கும் மருந்து. மண்ணில் அளவு குறைந்ததும், முடங்கிக் கிடந்த புழுக்களில் பல எழுந்துவிடும். ஒரு பெண்புழு பசைக்கூட்டில் இடும் சில நூறு முட்டைகளையும் மருந்து எளிதில் தொடாது. சூடான மண்ணில் ஏறக்குறைய ஒரே மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். போதாததற்கு, திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணின் நுண்ணுயிர்களே அதைச் சீக்கிரம் தின்று தீர்க்கப் பழகிவிடும். குருணையைத் தானியம் என்று கொத்தும் பறவைகள் செத்துப்போகும். பல நாடுகள் தடை செய்துவிட்டன, நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் பட்டம் ஃப்ளூயென்சல்ஃபோன். இது முடக்குவதோடு நிற்காமல் புழுவைக் கொன்றே விடுகிறது. ஆனால் நடவுக்கு ஒரு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். நான் அவசரப்பட்டு மூன்றாம் நாளே ஒரு வரிசை நட்டேன். அந்த நாற்றுகள் கடைசிவரை குட்டையாகவே நின்றன. தப்பு என்னுடையதுதான்.

அப்புறம் இரண்டு பட்டமாக ஃப்ளூபைரம், சொட்டுநீர் வழியாக. பூஞ்சைக்கென்று வந்த மருந்து இது. புழுவின் உயிரணு ஆற்றல் தயாரிப்பதையே தடுக்கிறது. மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொள்வதால் அதிக தூரம் நகராது. இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வரிசையில் இரண்டு சொட்டுவான்கள் (குழாயில் செடிக்குத் தண்ணீர் சொட்டும் வாய்கள்) அடைத்திருந்ததை மருந்து விட்டபிறகுதான் கவனித்தேன். உடனே சுத்தம் செய்தேன், தண்ணீர் ஒழுங்காகப் போனது, செடியும் வளர்ந்தது. அறுவடை முடிந்து பிடுங்கினால், அந்த இரண்டு செடிகளின் வேர் மட்டும் இஞ்சிக் கிழங்கு மாதிரி. பக்கத்துச் செடிகளில் நுனி வேரில் மட்டும் சின்னச் சின்ன முடிச்சு. அதிலிருந்து, மருந்து கலக்கும் முன் வெறும் தண்ணீரை ஓடவிட்டு ஒவ்வொரு சொட்டுவானையும் குனிந்து பார்க்கிறேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

எந்த மருந்தும் நிலத்தை முழுசாகச் சுத்தம் செய்யவில்லை. என் கணக்கில் நல்ல மருந்து என்றால், நட்ட முதல் ஆறேழு வாரம் இளம் வேரைக் காப்பாற்றித் தருவது. அந்த அளவுக்கு ஃப்ளூபைரம் எனக்குத் திருப்தி. ஆனாலும் அதையே மூன்றாம் தடவையும் போட மனம் வரவில்லை. இந்தப் பட்டம் முடிந்ததும் வேர்களை மண்ணில் விடாமல் பிடுங்கி வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் அடுத்தது தக்காளி இல்லை, செண்டுமல்லி.