பெட்டி கட்டியவரும் வேர் விட்டவரும்: சேபன், பௌடன் - இரு பயிற்சியாளர் வாழ்க்கைகள்

1973-இல் மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்த ஒருவர் திடீரென இறந்தபோது, அவருடைய மகன் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டே அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பயிற்சிக் குழுவில் கடைநிலை உதவியாளராக இருந்தார். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தாயாருக்குத் துணையாக ஊர் திரும்ப வேண்டியிருந்தால் தம்மிடமே அதே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னவர், மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பாபி பௌடன். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் நிக் சேபன். 2021-இல் பௌடன் மறைந்தபோது சேபன் இந்த அழைப்பை நினைவுகூர்ந்தார்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பயிற்சியாளர் மேலே வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு: பெரிய இடம் கிடைக்கும் வரை ஊர் மாறிக்கொண்டே இருப்பது ஒன்று, கிடைத்த இடத்தையே பெரிய இடமாக்குவது இன்னொன்று. இவற்றுக்குச் சேபனையும் பௌடனையும்விடத் தெளிவான சான்றுகள் எனக்குத் தெரிந்து இல்லை. சேபன் 1973 முதல் 2006 வரை 34 பருவங்கள் அலைந்த பிறகே அலபாமாவில் நிலைத்தார்; பௌடன் 1976 முதல் 2009 வரை அதே 34 பருவங்களை ஃபுளோரிடா ஸ்டேட் என்ற ஒரே பல்கலைக்கழகத்தில் கழித்தார்.

சேபனின் அலைச்சலில் சிரக்யூஸ், மேற்கு வர்ஜீனியா, ஓஹையோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட், தொழில்முறை அணியான ஹூஸ்டன் ஆயிலர்ஸ் எல்லாம் வந்துபோயின. 1990-இல் டொலீடோவில் முதன்முறையாகத் தலைமைப் பொறுப்பு கிடைத்து ஒன்பது ஆட்டங்களில் வென்றவர், ஒரே ஆண்டில் அதை விட்டுவிட்டு, பில் பெலிச்சிக்கின் கீழ் கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணியின் தடுப்பாட்டப் பொறுப்பாளராகப் போனார். தலைவராக இருந்தவர் மீண்டும் துணைவராவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பின்வாங்கலாகத்தான் தெரியும். ஆனால் 1994-இல் தொழில்முறை லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது அவருடைய தடுப்பாட்டம்தான்.

அடுத்து மிச்சிகன் ஸ்டேட்டில் கிடைத்த பாடம் விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. 1998-இல் முதலிடத்தில் இருந்த ஓஹையோ ஸ்டேட்டை எதிர்கொள்ளும் முன், லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவப் பேராசிரியரின் யோசனைப்படி, வெற்றி தோல்வியை மறந்து ஏறத்தாழ ஏழு விநாடி நீடிக்கும் ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் மட்டுமே நினைக்கும்படி வீரர்களைப் பழக்கினார். 28-24 என்ற கணக்கில் வென்றார்கள். பிற்காலத்தில் அலபாமாவில் மந்திரம்போல் ஓதப்பட்ட ‘செயல்முறை’யின் விதை இதுவே. ஒரே ஊரில் தங்கியிருந்தால் இந்தச் சரக்கெல்லாம் ஒருவர் கைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

மாறிக்கொண்டே இருப்பதற்கு விலையும் உண்டு. லூயிசியானா ஸ்டேட்டில் 2003-ஆம் பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்ற பின், மியாமி டால்ஃபின்ஸ் அணிக்குப் போய் இரண்டு ஆண்டுகளில் 15 வெற்றி, 17 தோல்வி என்று திணறினார். கல்லூரியில் நல்ல வீரனை வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வரலாம். தொழில்முறை லீகில் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரிசையும் சம்பள உச்சவரம்பும் கையைக் கட்டிவிடும். சேபனின் பெரிய பலம் ஆள் சேர்ப்பதில் இருந்தது. அது அங்கே செல்லுபடியாகவில்லை. 2006 டிசம்பரில் அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று செய்தியாளர்களிடம் அறுதியிட்டுச் சொன்னவர், சில நாட்களிலேயே, 2007 ஜனவரியில், எட்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தத்துடன் அங்கே போய் இறங்கினார். அந்தச் சொல்மாற்றத்தை மியாமி ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன்.

பௌடன் வந்து சேர்ந்த இடமோ யாரும் ஆசைப்படக்கூடிய இடமல்ல. 1947 வரை பெண்கள் கல்லூரியாக இருந்த ஃபுளோரிடா ஸ்டேட், அவர் வருவதற்கு முந்தைய மூன்று பருவங்களில் வென்றது நான்கு ஆட்டங்கள், தோற்றது 29. அவருக்கும் போக்கிடம் தேடும் மனநிலை இருந்திருக்கும்: 1974-இல் மேற்கு வர்ஜீனியா தடுமாறியபோது மாணவர்கள் அவருடைய உருவப் பொம்மையை மரத்தில் தூக்கிலிட்டிருந்தார்கள்.

பணமும் பெயரும் இல்லாத அணியை வளர்க்க அவர் எடுத்த வழி, பெரிய அணிகளின் சொந்த மைதானங்களுக்கே போய் மோதுவது. 1981-இல் நெப்ராஸ்கா, ஓஹையோ ஸ்டேட், நோட்டர்டேம், பிட்ஸ்பர்க், லூயிசியானா ஸ்டேட் என்று ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வெளியூரில் ஆடி மூன்றில் வென்றார்கள். அவற்றில் ஓஹையோ ஸ்டேட்டை 36-27 என்று வீழ்த்திய நாளில், எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாட்டத்துக்குப் பயிற்சியளித்தவர் வேறு யாருமல்லர், சேபன். அந்தப் பருவத்தின் முடிவில் அவருக்கு அங்கே வேலை போயிற்று.

பௌடன் ஓரிடத்தில் நிலைத்ததை வெறும் விசுவாசம் என்று புகழ்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அவர் பிறந்தது அலபாமாவின் பர்மிங்ஹாமில். 1986 முடிவில் அலபாமாவின் பயிற்சியாளர் இடம் காலியானபோது அவரும் பேசப் போனார். பல்கலைக்கழகம் பில் கரியை நியமித்தது. அந்தக் கதவு திறந்திருந்தால் வேர் விட்டவரும் பெட்டி கட்டியிருப்பார். திறக்காததால் ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஊரான டல்லஹாசிக்குக் கிடைத்தது, 1987 முதல் 2000 வரை 14 பருவங்கள் தொடர்ச்சியாக நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் ஓர் இடமும், 1993, 1999 பருவங்களின் தேசியப் பட்டங்களும்.

இருவரின் துணைவர்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். பௌடனிடம் மிக்கி ஆண்ட்ரூஸ் 1984 முதல் 2009 வரை தடுப்பாட்டப் பொறுப்பிலேயே இருந்தார். சேபனிடம் வந்தவர்களோ சில ஆண்டுகளில் தலைமைப் பொறுப்புடன் வேறிடம் போனார்கள். அவர் அடுத்தவரைக் கொண்டுவந்து அதே வேகத்தில் நடத்தினார். நிலைத்த குழு பௌடனுக்கு நெடுங்காலம் பலமாக இருந்தது, பிறகு பாரமாயிற்று. தாக்குதல் ஆட்டத்தை மகன் ஜெஃப்பிடம் ஒப்படைத்த ஆண்டுகளில் அணி இறங்குமுகமானது. 2006-இல் ஜெஃப் விலக நேர்ந்தது. மாணவர்களின் தேர்வு முறைகேட்டால் 12 வெற்றிகள் பிற்பாடு கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஓரிடத்திலேயே நெடுநாள் இருப்பவரிடம் ‘போதும்’ என்று சொல்லும் துணிவு சுற்றியிருப்பவர்களுக்கு வருவதில்லை. கடைசியில் வந்தபோது அது எவருக்கும் இனிக்கவில்லை.

பட்டங்களை மட்டும் எண்ணினால் சேபனுக்கு ஏழு, பௌடனுக்கு இரண்டு. வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சேபன் ஏறிய அலபாமா, பழைய பயிற்சியாளர் பேர் பிரையன்ட் காலத்திலேயே மலையாக நின்ற பெயர். பௌடன் மலையையே மண் சுமந்து எழுப்ப வேண்டியிருந்தது. ஓர் இளம் பயிற்சியாளர் தொழில் கற்கச் சேபனின் வழியையும், கற்ற பிறகு ஓர் அணியைக் கட்டப் பௌடனின் வழியையும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். சேபனும் ஆறு பட்டங்களை வென்றது 17 ஆண்டுகள் அலபாமாவை விட்டு அசையாமல் இருந்தபோதுதான்.

2010-ஆம் ஆண்டின் முதல் நாள், 80 வயதுப் பௌடன் தம் கடைசி ஆட்டத்தில் ஜாக்சன்வில் மைதானத்தில் இறங்கினார். எதிரே நின்றது, ஒருகாலத்தில் அவர் பொம்மையைத் தூக்கிலிட்ட மேற்கு வர்ஜீனியா. 33-21 என்று வென்று, வீரர்களின் தோள்மேல் வெளியேறினார். அவர் நாற்காலிக்குக் காத்திருந்த ஜிம்போ ஃபிஷர், லூயிசியானாவில் சேபனிடம் பணியாற்றியவர். ஆறு நாட்கள் கழித்து, ஜனவரி 7 அன்று, பசடீனாவில் டெக்சஸை 37-21 என்று வென்று சேபன் அலபாமாவுக்கான தம் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தார்.