ஸ்பான்சர்பிளாக்: ரெண்டு வருஷம் கடையிலயும் வீட்லயும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதறேன்

ஒரு கையில ஹாட் ஏர் கன், இன்னொரு கையில ட்வீசர். மதர்போர்டுல சார்ஜிங் ஐசிக்கு அடியில ஈயம் இப்பதான் இளக ஆரம்பிக்குது, பக்கத்து ஸ்கிரீன்ல ஓடற ரிப்பேர் வீடியோல அந்த ஆளு "இப்ப எந்த மூலையிலேர்ந்து தூக்கணும்னா"ன்னு சொல்லிட்டு, "அதுக்கு முன்னாடி நம்ம ஸ்பான்சர் பத்தி ஒரு நிமிஷம்"னு ஆரம்பிச்சிட்டாரு. மவுஸைத் தொட கை இல்ல, கன்னை எடுத்தா சூடு போயிடும். நானா ஒரு மூலையைப் புடிச்சு தூக்கினேன், அடியில ஐசி ஒட்டற காப்பர் புள்ளி, அதாவது பேட், ரெண்டு பிஞ்சு ஐசியோடயே வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி 11 மணி வரைக்கும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில முடி மாதிரி காப்பர் ஒயர் வச்சு ஜம்பர் போட்டேன். அதை முடிச்ச கையோட போட்டதுதான் ஸ்பான்சர்பிளாக், யூடியூப் வீடியோல வர்ற ஸ்பான்சர் பேச்சைத் தானா தாண்டற ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன். லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், ஒரு நாளைக்கு மூணு நாலு மணி நேரம் ஏதாச்சும் ஒரு வீடியோ பக்கத்துல ஓடிட்டேதான் இருக்கும், அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், ஏன்னா கடைக்கு வர்றவங்க எல்லாரும் இதுலதான் குழம்பறாங்க. யூடியூப் நடுவுல சொருகற விளம்பரம் வேற, சேனல்காரரு தன் வாயால பேசற விளம்பரம் வேற. முதல் வகைக்கு யூபிளாக் ஆரிஜின்ங்கற ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் போதும். ரெண்டாவது வகை வீடியோவோட உடம்புலயே கலந்திருக்கு, எந்த ஆட் பிளாக்கருக்கும் அது விளம்பரம்னு தெரியாது. மாசம் 149 ரூபா கட்டி ப்ரீமியம் வாங்கினாலும் இந்த ரெண்டாவது வகை அப்படியே வரும். ப்ரீமியத்துல இப்ப நிறைய பேரு தாண்டிப் போற இடத்தைத் தாண்டறதுக்கு ஒரு பட்டன் குடுத்திருக்காங்க, ஆனா அதையும் கை வச்சு அமுக்கணும். கை ரெண்டும் வேலையில மாட்டி இருக்கறவனுக்கு அதால என்ன பிரயோஜனம்.

ஸ்பான்சர்பிளாக்ல எந்த மாயமும் இல்ல, மனுஷங்கதான். அஜய் ராமச்சந்திரன்ங்கற டெவலப்பர் 2019-ல ஆரம்பிச்சது, இலவசம், புரோகிராம் கோடு எல்லாம் யாரு வேணாலும் பாக்கற மாதிரி ஓப்பனா கெடக்குது. நமக்கு முன்னாடி அந்த வீடியோவைப் பார்த்த யாரோ ஒருத்தர் "இந்த செகண்ட்லேர்ந்து இந்த செகண்ட் வரை ஸ்பான்சர்"னு குறிச்சு அனுப்பி இருப்பாங்க, அதை வச்சு நம்ம ப்ரவுசர் அந்த எடம் வந்ததும் தானா தாண்டிடும். வீடியோக்கு அடியில ஓடற கோட்டுல அந்தப் பகுதி பச்சையா தெரியும். பச்சை ஆரம்பிக்கற எடத்துல ஒரு சின்ன குதி, அவ்வளவுதான், சில சமயம் தாண்டினதே தெரியாது, பேச்சு அப்படியே தொடரும். அப்போ ஓரத்துல ஒரு சின்ன பெட்டி வரும், அதுல கட்டைவிரல் மேல கீழ இருக்கும், தாண்டினது தப்புன்னா திரும்பப் போறதுக்கு ஒரு பட்டன் இருக்கும்.

ஸ்பான்சர் மட்டும்தான்னு இல்ல. "லைக் பண்ணுங்க, பெல் பட்டனை அமுக்குங்க"ன்னு சொல்ற எடம், தன் சொந்த டீ-ஷர்ட் கோர்ஸ் விக்கற எடம், ஆரம்ப மியூசிக், கடைசி கார்டு, பாட்டு வீடியோல பாட்டு இல்லாத பகுதி, இப்படி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கலர். போட்ட உடனே ஸ்பான்சர் மட்டும்தான் தானா தாண்டும், மத்ததை செட்டிங்ஸ்ல போய் நாமதான் ஆன் பண்ணிக்கணும். எனக்கு ரொம்பப் புடிச்சது ஹைலைட்னு ஒண்ணு. 20 நிமிஷ வீடியோல விஷயம் எங்க ஆரம்பிக்குதோ அந்த எடத்தை யாராச்சும் குறிச்சிருந்தா நேரா அங்க போயிடலாம். வெட்டிப் பேச்சு, ஜோக் பகுதியைத் தாண்டறதுக்கும் ஒரு வகை இருக்கு, அதை மட்டும் ஆன் பண்ணாதீங்க. நான் பண்ணிப் பார்த்தேன், ஒரு வீடியோல போர்டுல மல்டிமீட்டரை டயோட் மோடுல வச்சு அளந்து காட்டற 15 செகண்டை எவரோ வெட்டிப் பேச்சுன்னு குறிச்சு வச்சிருந்தாங்க. என் தொழிலுக்கு அந்த 15 செகண்ட்தான் வீடியோவே. கட்டைவிரலைக் கீழ போட்டுட்டு அந்த வகையை ஆஃப் பண்ணிட்டேன்.

"நான் என்ன வீடியோ பாக்கறேன்னு அவங்க சர்வருக்குப் போகுமே"ன்னு கடையில ஒரு காலேஜ் பையன் கேட்டான், நல்ல கேள்வி. வீடியோவோட ஐடி அப்படியே போறதில்ல. அதை எஸ்ஹெச்ஏ 256-ங்கற கணக்கு முறைல போட்டு அரைச்சு, வர்ற நீள எழுத்துல முதல் சில எழுத்து மட்டும்தான் போகும். அந்த சில எழுத்துல ஆரம்பிக்கற எல்லா வீடியோவோட விவரத்தையும் சர்வர் மொத்தமா அனுப்பிடும், நம்ம ப்ரவுசர் அதுல தனக்கு வேண்டியதை எடுத்துக்கும். போஸ்ட்மேன்கிட்ட வீட்டு நம்பர் சொல்லாம தெருப் பேரை மட்டும் சொல்லி, தெருவுக்கு வந்த லெட்டர் மொத்தத்தையும் வாங்கி, நம்மளுதை நாமளே தேடி எடுத்துக்கற மாதிரி. அது போக அவங்க டேட்டாபேஸ் மொத்தத்தையும் யாரு வேணாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம். நாளைக்கு அந்த சைட்டே நின்னாலும் மக்கள் சேர்ந்து குறிச்சது வீணாப் போகாது, எனக்கு இதுல பெரிய நிம்மதி.

இப்ப குறை. இங்கிலீஷ்ல கொஞ்சம் பெரிய சேனல்னா வீடியோ வந்த கொஞ்ச நேரத்துலயே யாராச்சும் குறிச்சிடறாங்க. நம்ம தமிழ் வீடியோவைத் தொறந்தா கோடு மொட்டையா இருக்கு. நான் பாக்கற தமிழ் சேனல்ல பத்து வீடியோ எடுத்தா ஒண்ணு ரெண்டுல பச்சை இருந்தா அதிகம். இத்தனைக்கும் ஸ்பான்சர் பேச்சு நம்மள்ல கொறைச்சலா? சமையல் வீடியோல தாளிச்சிட்டு இருக்கும்போதே இன்வெஸ்ட்மென்ட் ஆப், கிராமத்து வீடியோல வயக்காட்டு வரப்புல நின்னுட்டே ரம்மி. 2025 ஆகஸ்ட்ல காசு வச்சு ஆடற ஆன்லைன் கேமுக்கு மத்திய அரசு சட்டம் போட்டு, விளம்பரத்தையும் சேர்த்து தடை பண்ணாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோல சேனல்காரரே வெட்டி எடுத்தாத்தான் உண்டு. எங்க அப்பா மத்தியானம் சாப்ட்டுட்டு டிவில போட்டுப் பாக்கறதெல்லாம் அந்தப் பழைய வீடியோதான். முழங்கால் வலிக்கு ஒரு எண்ணெய்னு ஒரு வீடியோல டாக்டர் மாதிரி ஒருத்தர் பொறுமையாப் பேசினதை நம்பி மூணு பாட்டில் வாங்கி வச்சிருந்தாரு, "டாக்டரே சொன்னாருப்பா"ன்னாரு. அந்த வீடியோவை நான் ரெண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், காசு வாங்கிட்டுப் பேசறோம்னு ஒரு எடத்துல கூட சொல்லல. 2021-லயே இதுக்கு விளம்பரத் துறையோட சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ விதி கொண்டு வந்துட்டாங்க, விளம்பரம்னா பாக்கறவங்களுக்குப் புரியற மாதிரி தெளிவாப் போடணும்னு. போடாதவங்க போடாமதான் இருக்காங்க. அன்னைலேர்ந்து நான் குறிக்க ஆரம்பிச்சேன்.

குறிக்கறது ரொம்ப ஈஸி. கம்ப்யூட்டர்ல ஸ்பான்சர் ஆரம்பிக்கற எடத்துல செமிகோலன் கீயைத் தட்டணும், முடியற எடத்துல திரும்ப அதையே தட்டணும். அப்பறம் வீடியோவை நிறுத்திட்டு, காற்புள்ளி கீயும் முற்றுப்புள்ளி கீயும் வச்சு ஒவ்வொரு ஃப்ரேமா முன்ன பின்ன நகர்த்தி சரியான எடத்தைப் புடிக்கலாம். நான் பாக்கறது வாய். "அதுக்கு முன்னாடி"ன்னு சொல்ல அவரு வாயைத் தொறக்கறதுக்கு ஒரு ஃப்ரேம் முன்ன ஆரம்பம், பேசி முடிச்சு மூச்சு வாங்கிட்டு மறுபடி விஷயத்துக்கு வாயைத் தொறக்கற ஃப்ரேம்ல முடிவு. இப்படி வச்சா தாண்டும்போது பேச்சு ஒட்ட வச்ச மாதிரி வழுவழுன்னு போகும். வகை எதுன்னு தேர்ந்தெடுத்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு சப்மிட். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகும். ஐகானை அமுக்கினா நீங்க குறிச்சதால மத்தவங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு ஒரு கணக்கு காட்டும். அந்த எண்ணைப் பாக்கறப்ப எனக்கு உண்மையிலயே மனசு நெறையுது, முகம் தெரியாத யாரோ ஒரு பெரியவரு ஒரு எண்ணெய் பாட்டில் வாங்காம தப்பிச்சிருப்பாரு.

அப்பா டிவி கதையையும் சொல்லிடறேன். டிவில இருக்கற யூடியூப் ஆப்ல எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஐஸ்பான்சர்பிளாக் டிவின்னு ஒரு தனி புரோகிராம் இருக்கு, அதை அதே வைஃபைல இருக்கற ஏதாச்சும் ஒரு கம்ப்யூட்டர்ல எப்பவும் ஓட விட்டு, டிவி ஆப் காட்டற லிங்க் கோடை ஒரு தடவை அடிச்சா போதும், ஃபோன்லேர்ந்து டிவியைக் கன்ட்ரோல் பண்ற மாதிரி அதுவே ஸ்பான்சரைத் தாண்டிக்கும். யூடியூப் ஆட் வந்தா சத்தத்தை அணைச்சு, ஸ்கிப் வர்ற நேரத்துல அதுவே அமுக்கும். டிஸ்ப்ளே போன பழைய லேப்டாப் ஒண்ணை டிவி ஸ்டாண்டுக்குக் கீழ போட்டு வச்சேன், எட்டு மாசமா ஓடுது. அப்பாவுக்கு அது என்னன்னே தெரியாது. "இப்பல்லாம் விளம்பரம் கொறைச்சுட்டாங்க போல"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தாரு.

ஃபோன்ல அபீஷியல் யூடியூப் ஆப்ல இது எதுவும் நடக்காது. ஆண்ட்ராய்டுன்னா ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதுல யூபிளாக் ஆரிஜினும் ஸ்பான்சர்பிளாக்கும் சேர்த்துக்கோங்க, ரெண்டும் நல்லா ஓடுது. தயவு செஞ்சு எங்கயோ வாட்சப் குரூப்ல வந்த மாத்தின யூடியூப் ஏபிகேவை, அதாவது ப்ளே ஸ்டோர்ல இல்லாம ஃபைலா வர்ற ஆப்பை, மட்டும் போடாதீங்க. வான்ஸ்டுங்கற அப்படி மாத்தின யூடியூப் ஆப்பை 2022-லயே நிறுத்திட்டாங்க, இன்னமும் அந்தப் பேருல ஏதேதோ சுத்துது. அப்படி ஒண்ணைப் போட்டுட்டு ஸ்கிரீன் முழுக்க தானா ஆட் வர்ற ஃபோனோட ஒரு அக்கா கடைக்கு வந்தாங்க, அழாத குறை. மொத்தமா ரீசெட் அடிச்சுக் குடுத்தேன்.

குரோம்காரங்களுக்கு ஒண்ணு. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிமுறையை மாத்தினதுல பழைய யூபிளாக் ஆரிஜின் குரோம்ல இப்ப ஓடறதில்ல, லைட்னு சின்ன பதிப்புதான் கெடைக்கும், அதுக்கு வலு கொஞ்சம் கம்மி. ஃபயர்ஃபாக்ஸ்ல முழுசா ஓடுது. ஸ்பான்சர்பிளாக் ரெண்டுலயும் ஓடும். கடையில கைக்கு வர்ற ஒவ்வொரு லேப்டாப்லயும் கேட்டுட்டு யூபிளாக் ஆரிஜின் போட்டு விடறேன். தேடும்போது மேல வர்ற போலி விளம்பரத்தை அமுக்கி ஏமாறாம இருக்க ஆட் பிளாக்கர் போட்டுக்கோங்கன்னு அமெரிக்கா எஃப்பிஐயே 2022 டிசம்பர்ல சொல்லிட்டாங்க, எனக்கு வர்ற வைரஸ் கேஸ்ல பாதி அப்படி அமுக்கினதுதான்.

"இதெல்லாம் போட்டா வீடியோ போடறவன் வயித்துல அடிக்கற மாதிரி இல்லையா"ன்னு கேட்டா, ஆமா, அந்த உறுத்தல் எனக்கும் இருக்கு. ஐசி தூக்கறதை எனக்கு சொல்லிக் குடுத்ததே அவங்கதான். யூபிளாக் போட்டா அவங்களுக்கு விளம்பரக் காசு போகாது, அது நேரடி நஷ்டம். ஸ்பான்சர் காசு பெரும்பாலும் முன்னாடியே பேசி வாங்கினது, ஆனா எல்லாரும் தாண்டினா அடுத்த தடவை குடுக்கறவன் யோசிப்பான். நான் எனக்குச் சரின்னு பட்டதைப் பண்றேன். தொழில் கத்துக்குடுத்த ரெண்டு சேனலுக்கு மாசாமாசம் மெம்பர்ஷிப் கட்டறேன், அந்த ரெண்டையும் ஸ்பான்சர்பிளாக்ல தாண்டாம ஒதுக்கி வச்சுட்டேன், அவங்க ஸ்பான்சர் பேசினா முழுசாக் கேக்கறேன். அதுல ஒருத்தர் உண்மையிலயே சால்டரிங்குக்குத் தடவற நல்ல ஃபிளக்ஸ் ஒண்ணு சொன்னாரு, இன்னிக்கும் அதைத்தான் வாங்கறேன்.

நேத்து ராத்திரி கடையைச் சாத்தினதுக்கு அப்பறம் தமிழ் லேப்டாப் ரிப்பேர் வீடியோ நாலு குறிச்சேன். அதுல ஒண்ணுல 6:10-லேர்ந்து 7:32 வரை. முடிவுல பின்னாடி மியூசிக் ஓடறதால எந்த ஃப்ரேம்னு சரியாப் புடிக்க முடியல, அந்தப் பச்சைக் கோடு ஒரு செகண்ட் தள்ளி இருந்துச்சுன்னா யாராச்சும் திருத்தி விடுங்க.