ஏர் சஸ்பென்ஷன் இருக்கை: நெடுந்தூர லாரி ஓட்டுநரின் பார்வையில்

நெடுந்தூர லாரி ஓட்டுநரின் உடலை முதலில் பதம் பார்ப்பது அவர் அமரும் இருக்கைதான் என்பதால், பழைய ஸ்பிரிங் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பொருத்திய இந்த ஏர் சஸ்பென்ஷன் இருக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக எழும் அதிர்வுதான் முதுகுத்தண்டை மிகுதியாக வாட்டுகிறது. அதில் பெரும்பகுதியை இருக்கையின் அடியிலுள்ள காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் தாங்கிக்கொள்வதால், வண்டியை விட்டு இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதில்லை. ஆனால் பக்கவாட்டுக் குமிழைத் திருகி உடல் எடைக்கேற்பக் காற்றின் அளவைச் சரிசெய்யாவிட்டால், பெரிய பள்ளத்தில் இறங்கும்போது இருக்கை அடிதட்டி, பழையதைவிட மோசமாகத் தூக்கிப்போடும். பிரேக்குக்குக் காற்று தரும் வண்டியின் ஏர் டேங்கிலிருந்தே இதற்கும் காற்று வருவதால், பிரேக் இணைப்புகளை நன்கறிந்த மெக்கானிக்கிடமே பொருத்தும் வேலையை ஒப்படைக்க வேண்டும்.

உறை மட்டமான ரகம். வியர்வை வெளியேற வழியின்றித் தொடையின் அடிப்பகுதி வெந்துபோகிறது. எத்தனை நல்ல இருக்கையானாலும் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பதால் கால்களில் ஏற்படும் வீக்கத்தை அது தடுக்காது; ஆகவே, இந்த இருக்கையைக் காரணம் காட்டி ஓட்டுநரின் ஓய்வு நேரத்தைக் குறைக்க எந்த உரிமையாளரும் முற்படக் கூடாது. இதற்கான செலவையும் ஓட்டுநரின் தலையில் கட்டாமல் உரிமையாளரே ஏற்பதுதான் நியாயம்.